சிறுமியர் மன்றத்தின் முதல் இரவு முகாம்: எதை அவர்களிடம் விடுவது, எதை நம் கையில் வைத்துக்கொள்வது

ஊர்ப்புறப் பள்ளி ஒன்றில் சிறுமியர் மன்றப் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருக்கும் ஆசிரியை ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். மன்றத்தில் 11 முதல் 15 வயது வரையுள்ள 28 பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் உறவினர் வீட்டைத் தவிர வேறெங்கும் ஓர் இரவு தங்கியதில்லை. இரண்டு இரவுகள் வெளியே தங்கும் முகாம் ஒன்று நடத்த அவர் விரும்புகிறார், பெற்றோர் தயங்குகிறார்கள். நல்ல நிகழ்ச்சி நிரல் ஒன்றும், குழுவாகச் செய்யக்கூடிய செயல்பாடுகளும் வேண்டும் என்கிறார்.

நிகழ்ச்சி நிரலைப் பிறகு பார்ப்போம், சகோதரி. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சாரணிய ஆசிரியையாக இருந்து வருகிறேன். என் முதல் முகாமுக்கு நான் கால் மணி நேரக் கணக்கில் நிரல் எழுதி வைத்திருந்தேன். ஒரு தோட்ட வீடு, 34 பேர், இரண்டே கழிப்பறைகள். விடியற்காலை ஐந்து மணிக்குத் தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. மும்முனை மின்சாரம் வந்தால்தான் மோட்டார் ஓடும் என்பதும், அது காலை ஒன்பது மணிக்குத்தான் வரும் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதைவிட என்னை வருத்திய செய்தி வேறு. முந்தைய நாள் மாலையிலிருந்தே பல பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தார்கள். கழிப்பறைக்குப் போகும் வழி இருட்டாக இருந்தது, உள்தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. அதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இருவருக்குத் தலைவலி, ஒருத்திக்கு நீர்க்கடுப்பு. நிரலில் இருந்த ஒரு நிகழ்ச்சிகூட அவர்கள் நினைவில் நிற்கவில்லை.

அன்றிலிருந்து நான் கைக்கொண்டு வரும் முறை ஒன்று உண்டு. பிள்ளைகளின் உடல், உறக்கம், பாதுகாப்பு ஆகியவை தொடர்பான எல்லாவற்றையும் பெரியவர்கள் முழுமையாகத் தம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். சமையல், நிகழ்ச்சிகள், வேலைப் பங்கீடு, பாட்டு, விளையாட்டு ஆகியவற்றை முழுமையாகப் பிள்ளைகளிடம் விட வேண்டும். நான் பார்த்த முகாம்களில் பெரும்பாலும் இது தலைகீழாகவே நடக்கிறது. சமையலுக்கு ஆள் வைத்து, நிகழ்ச்சிகளை ஆசிரியரே ஒலிபெருக்கியில் நடத்திவிட்டு, இரவில் யார் எங்கே படுப்பது, யார் யாரோடு கழிப்பறைக்குப் போவது என்பதை மட்டும் பிள்ளைகளின் போக்கில் விட்டுவிடுகிறார்கள்.

பிள்ளைகளிடம் விடுவதென்றால் 28 பேரிடமும் ஒன்றாக விட முடியாது. அதற்கு அணிகள் வேண்டும். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் நடத்திய முதல் முகாமில் சுமார் இருபது சிறுவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணியையும் ஒரு சிறுவனின் தலைமையில் விட்டார். 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்குச் சிறுமியர் சிலர் அழைப்பின்றித் தாமே வந்து நின்று, தங்களையும் சேர்த்துக்கொள்ளக் கேட்டார்கள்; அதன் விளைவாக 1910இல் பேடன் பவலின் தங்கை ஆக்னஸின் பொறுப்பில் சிறுமியருக்கான சாரணியர் இயக்கம் தொடங்கியது. அடுத்த ஆண்டே, 1911இல், ஜபல்பூரில் இந்தியாவின் முதல் சாரணியர் படை அமைந்தது. கேட்டு வாங்கிய பெண் பிள்ளைகளிடமிருந்து பிறந்த இயக்கம் இது என்பதைப் பிள்ளைகளிடம் நான் தவறாமல் சொல்வதுண்டு. இந்த நூறாண்டுகளில் சீருடை மாறியது, பாடல்கள் மாறின. ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணி மட்டும் மாறவில்லை. உங்கள் மன்றம் சாரணியர் படையாகப் பதிவு செய்யப்படாததாக இருந்தாலும் இந்த முறையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

28 பேரை ஏழு ஏழாக நான்கு அணிகள் ஆக்குங்கள். வகுப்பு வாரியாகப் பிரிக்க வேண்டாம். ஒவ்வோர் அணியிலும் 14, 15 வயதுப் பிள்ளை ஒருத்தி தலைவியாகவும், 11 வயதுப் பிள்ளை ஒருத்தியாவது இளையவளாகவும் இருக்கட்டும். ஒவ்வொரு பிள்ளையிடமும் தன் அணியில் இருக்க வேண்டிய ஒரே ஒரு தோழியின் பெயரைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். அந்த ஒன்றை மட்டும் கூடியவரை நிறைவேற்றுங்கள். நெருங்கிய தோழியர் ஏழு பேரும் ஓரணியில் இருந்தால் அது கோட்டையாகிவிடும், தோழியே இல்லாத அணி முதல் நாள் இரவில் அழுகையாகிவிடும். அணிகளுக்கு வழக்கப்படி பூக்களின் பெயர் வைக்கலாம். எந்தப் பூ என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். தண்ணீர், சமையல், துப்புரவு, மாலை நிகழ்ச்சி என்ற நான்கு பொறுப்புகளும் ஒவ்வொரு வேளைக்கும் அணி மாறி வரட்டும். இரவு உணவுக்குப் பிறகு தலைவியர் நால்வரும் உங்களோடு பதினைந்து நிமிடங்கள் உட்கார்ந்து, இன்று எது சரியாக நடக்கவில்லை, நாளை எதை மாற்றலாம் என்று பேச வேண்டும். அந்தக் கூட்டத்தில் எடுத்த முடிவை மறுநாள் காலையில் நீங்கள் மாற்றிவிட்டால், அதன்பின் அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

வீட்டை விட்டுத் தங்கியறியாத பிள்ளைகளை எடுத்த எடுப்பிலேயே இரண்டு இரவுகளுக்கு வெளியூர் அழைத்துப் போக வேண்டாம். முதலில் உங்கள் பள்ளியிலேயே ஓர் இரவு தங்குங்கள். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வந்து ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் திரும்பும் சிறு முகாம் போதும். தெரிந்த கட்டடம், தெரிந்த கழிப்பறை, கூப்பிடு தூரத்தில் வீடு. அதனால் பெற்றோர் ஒப்புக்கொள்வதும் எளிது. யாருக்குத் தூக்கத்தில் நடக்கும் பழக்கம், யார் இருட்டுக்கு அஞ்சுகிறாள், யார் சாப்பிடாமலே எழுந்துவிடுகிறாள் என்பனவெல்லாம் அந்த ஓரிரவில் உங்களுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு ஆறு வாரமாவது இடைவெளி விட்டு வெளிமுகாமை வையுங்கள்.

நாள் குறிப்பதில் அவசரம் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை, சித்திரையில் கத்திரி வெயில். இரண்டும் முதல் முகாமுக்கு ஆகா. பொங்கலுக்குப் பிறகு தை மாதம் முழுவதும் நல்ல காலம்; ஆனால் மாசிக்குள் தேர்வு வேலைகள் தொடங்கிவிடும் என்பதால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் தை முதல் பாதியிலேயே முடித்துவிடுங்கள். பஞ்சாங்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள். ஊர்த் திருவிழா நாளில் எந்தத் தாயும் பிள்ளையை அனுப்ப மாட்டார். அமாவாசையை ஒட்டி வைத்தால் பிள்ளைகள் இருட்டுக்கு மிரள்வார்கள், பௌர்ணமியில் விண்மீன்கள் தெரியா. வளர்பிறையின் ஐந்தாம், ஆறாம் நாள்களை நான் விரும்புகிறேன்: மாலையில் போதிய நிலவு இருக்கும், பிள்ளைகள் உறங்கப் போனபின் மறையும்.

இடத்தைப் பகலில் ஒரு முறையும் இரவு ஏழு மணிக்கு மேல் ஒரு முறையும் நீங்களே போய்ப் பாருங்கள். இரண்டாவது தடவை போகும்போது படுக்கும் கூடத்திலிருந்து கழிப்பறை வரை விளக்கில்லாமல் நடந்து பார்த்தால், அந்த இடத்தைப் பற்றி அறிய வேண்டியதில் பாதி தெரிந்துவிடும். எட்டுப் பேருக்கு ஒரு கழிப்பறையாவது வேண்டும். ஒவ்வொன்றின் உள்தாழ்ப்பாளையும் உங்கள் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். குளிக்கும் இடத்துக்குக் கூரையும் கதவும் இருக்க வேண்டும். குளிக்கவும் கழிப்பறைக்கும் துலக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 லிட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டால், பெரியவர்களையும் சேர்த்து 32 பேருக்கு நாளைக்கு 1,500 லிட்டர் வரும், குடிநீர் தனி. தொட்டி எவ்வளவு கொள்ளும், மோட்டாருக்கு மின்சாரம் எப்போது வரும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டடத்தின் சாவி வேறு யாரிடம் இருக்கிறது, காவலாளி இரவில் எங்கே படுப்பார், வாயிற்கதவு உள்ளிருந்து பூட்டுமா, கைப்பேசிக்கு அலைவரிசை எடுக்குமா என்பதையும் கூச்சமின்றிக் கேளுங்கள். அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்கு நேரில் போய், இரவில் மருத்துவர் இருப்பாரா, பாம்புக்கடிக்கான மருந்து இருப்பில் இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள்.

ஆறு, அணை, அருவி, கல்குவாரிக் குட்டை இருக்கும் இடங்களை முதல் முகாமுக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். கரையில் உட்கார்ந்து காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்வோம் என்பது நடக்காத காரியம். இந்த ஒன்றில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

இனிப் பெற்றோர். சுற்றறிக்கை அனுப்பிக் கையெழுத்து வாங்குவது போதாது. வேலை முடிந்து வரும் மாலை நேரத்தில் கூட்டம் வையுங்கள். தாய், தந்தையோடு பாட்டியையும் அழைத்து வரச் சொல்லுங்கள், ஏனென்றால் பல வீடுகளில் முடிவு பாட்டியுடையது. கழிப்பறை, படுக்கும் கூடம், வாயிற்கதவு ஆகியவற்றின் படங்களைக் காட்டுங்கள். உடன் வரும் பெண்கள் யார் யார் என்று நேரில் அறிமுகம் செய்யுங்கள். முகாமில் தங்கும் ஒரே ஓர் ஆண்கூட இருப்பாரானால் அதையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். விருப்பமுள்ள தாய்மார் இருவர் உடன் வரலாம் என்று நான் எப்போதும் சொல்வேன். ஆனால் தம் மகளின் அணியில் தலையிடுவதில்லை என்ற ஒப்பந்தத்தோடு. அனுமதிப் படிவத்தில் ஒவ்வாமை, அன்றாடம் சாப்பிடும் மருந்து, வலிப்பு, ஆஸ்துமா, படுக்கையில் சிறுநீர் கழித்தல் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். கடைசியாகச் சொன்னதை எழுதக் கூச்சப்படுவோர் உங்களிடம் நேரில் சொல்லலாம் என்று ஒரு வரி சேருங்கள். பள்ளியின் வழியாகப் போவதால் தலைமையாசிரியரின் எழுத்து அனுமதி வேண்டும். சாரணியர் படையானால் இயக்கத்தின் மாவட்ட ஆணையரின் அனுமதியும் வேண்டும்.

படிவத்தில் நான் கட்டாயம் சேர்க்கும் மற்றொரு கேள்வி, இன்னும் பூப்பெய்தாத பிள்ளைகளின் தாய்மாருக்கானது: முகாமில் உங்கள் மகள் பெரியவளானால் என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறீர்கள்? இதை எழுத்தில் கேட்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். 11 முதல் 13 வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் இருக்கும் முகாமில் இது நடக்கக்கூடியது. நம் வீடுகளில் அது தாய்மாமன் வரை செய்தி போக வேண்டிய நிகழ்வு. யாரிடம் முதலில் சொல்வது, உடனே வந்து அழைத்துப் போவார்களா, முகாம் முடியும் வரை இருக்கட்டும் என்பார்களா என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால் நடு இரவில் தடுமாற்றம் இருக்காது.

சில ஆண்டுகளுக்கு முன், இரண்டாம் நாள் இரவு பதினொன்றரை மணிக்கு அணித்தலைவி ஒருத்தி வந்து என் தோளைத் தொட்டாள். விளக்கைப் போடவில்லை. “மிஸ், நம்ம அணியிலே சின்னவளுக்கு முதல் தடவை வந்திருக்கு. நான் என்னோட மாற்றுப் பாவாடையைக் கொடுத்துட்டேன். அவ ஜமுக்காளத்தையும் மடிச்சு வச்சுட்டேன். யாரும் முழிக்கலே” என்றாள். 15 வயதுப் பிள்ளை அவள். நான் எழுந்து போனபோது சிறியவள் சுவரோரம் உட்கார்ந்து இரு கைகளாலும் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். வெந்நீர் வைத்துக் கொடுத்தோம். நாப்கினை எப்படி வைப்பது என்று அந்தத் தலைவியே சொல்லிக் கொடுத்தாள். படிவத்தில் தாயார், எந்நேரமானாலும் தன்னிடம் மட்டும் சொல்லும்படி எழுதியிருந்தார். தொலைபேசியில் அழைத்தேன், மகளிடம் இரண்டு நிமிடங்கள் பேசினார், காலையில் வருவதாகச் சொன்னார். வந்தவர், மகள் பாடித்தீயை, அதாவது தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பாடி ஆடும் முகாம் நிகழ்ச்சியை, பார்க்காமல் வர மாட்டேன் என்று சொன்னதும், அன்று மாலை வரை தாமும் முகாமில் இருந்து பிள்ளைகளோடு வெங்காயம் உரித்தார். அந்தத் தலைவிக்கு நான் எந்தப் பயிற்சியும் தனியாகக் கொடுத்திருக்கவில்லை. தன் அணியில் இளையவள் ஒருத்தி தன் பொறுப்பில் இருக்கிறாள் என்பது மட்டுமே அவளுக்குத் தெரியும்.

இதற்கு வேண்டிய முன்னேற்பாடுகளில் பெரிதாகப் பணம் செலவாகும் விஷயம் எதுவும் இல்லை. கேட்காமலே எடுத்துக்கொள்ளும்படி ஒவ்வொரு கழிப்பறை மாடத்திலும் நாப்கின் பொட்டலம், பழைய செய்தித்தாள், மூடியுள்ள கூடை ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். பிள்ளைகள் வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் அவை எங்கே இருக்கின்றன என்று எல்லோரையும் உட்கார வைத்து ஒரு முறை சொல்லிவிட வேண்டும். மாதவிலக்கில் இருக்கும் பிள்ளை சமையலிலும் தண்ணீர் எடுப்பதிலும் எல்லோரையும் போலப் பங்கெடுக்கலாம் என்பதையும் அப்போதே தெளிவாகச் சொல்லுங்கள். வயிற்றுவலி இருந்தால் ஓய்வு எடுக்கலாம், அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

உடன் வரும் பெரியவர்களைப் பற்றிச் சில கண்டிப்பான விதிகள் உண்டு. எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெண் என்ற கணக்கில் உங்களுக்கு நான்கு பேர் வேண்டும். எந்தப் பெரியவரும், அது நீங்களாகவே இருந்தாலும், ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது; பேச வேண்டுமானால் பிறர் கண்ணில் படும் இடத்தில் தள்ளி உட்கார்ந்து பேசலாம். ஓட்டுநர், சமையல் பொருள் கொண்டு வருபவர், விளையாட்டுப் பயிற்சியாளர் என எந்த ஆணும் படுக்கும் கூடத்துக்கும் குளிக்கும் பகுதிக்கும் வரக் கூடாது. பெற்றோரின் எழுத்து அனுமதியின்றிப் பிள்ளைகளின் படங்களை யாரும் எடுக்கவோ பகிரவோ கூடாது. பிள்ளை ஒருத்தி தனக்கு நேர்ந்த தகாத செயலைப் பற்றிச் சொன்னால், அது முகாமில் நடந்ததாக இருந்தாலும் வீட்டில் நடந்ததாக இருந்தாலும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை. தெரிந்தும் மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். இரவின் அமைதியில்தான் பிள்ளைகள் இத்தகையவற்றை வாய்விட்டுச் சொல்கிறார்கள் என்பது என் அனுபவம். குறுக்குக் கேள்வி கேட்காமல், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காமல், கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112 ஆகிய மூன்றையும் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

உறக்கத்துக்கு வருவோம். முதல் இரவு யாரும் சீக்கிரம் தூங்க மாட்டார்கள், அதட்டிப் பயனில்லை. அன்று பகலில் நன்றாக நடக்க வைத்து, ஒன்பதரை மணிக்கு விளக்கைக் குறைத்து, பத்து மணிக்கு மேல் கிசுகிசுப்புக்கும் இடமில்லை என்று சொல்லிவிட்டால், பதினொன்றுக்குள் கூடம் அடங்கும். அணி அணியாகப் படுக்கட்டும். வாயிலை ஒட்டி ஒருவரும் கழிப்பறைப் பக்கத்துக் கதவை ஒட்டி ஒருவரும் பெரியவர்கள் படுக்க வேண்டும். இரவில் எழுந்தால் பக்கத்தில் இருப்பவளை எழுப்பி இருவராகத்தான் போக வேண்டும், கையில் டார்ச் லைட் வேண்டும், காலில் செருப்பு வேண்டும். எல்லோருக்கும் கட்டில் கிடைத்தால் நல்லது. தரையில் பாய் விரிப்பதாக இருந்தால் கொசுவலை கட்டி, அதன் ஓரங்களைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிடுவது மிக அவசியம். கொசுவுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இரவில் நடமாடும் கட்டுவிரியன் பெரும்பாலும் தரையில் உறங்குபவர்களையே கடிக்கிறது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அதிகம் இராது என்பதால் கடிபட்டவருக்கே தெரியாமல் போவதுண்டு. விடியலில் ஒரு பிள்ளைக்குக் காரணமில்லாமல் வயிற்றுவலியும், கண் இமை தொங்குவதும், விழுங்கச் சிரமமும் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். கடிவாயைக் கீறுவதும், கயிறு கட்டுவதும், மந்திரிக்கப் போவதும் கூடாது. அசையாமல் படுக்க வைத்துக் கொண்டு போக வேண்டும்.

சமையலில்தான் பிள்ளைகள் உண்மையில் வளர்கிறார்கள். அதனால் ஆள் வைக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். முதல் நாள் இரவுக்கு மட்டும் வீட்டிலிருந்து புளியோதரையோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு வரட்டும். வந்து சேர்ந்த களைப்பில் அடுப்பு மூட்ட வேண்டாம். மறுநாளிலிருந்து அணிகள் பார்த்துக்கொள்ளும். சோற்றுக்கு ஒரு வேளைக்கு ஆளுக்கு 120 கிராம் அரிசி என்று 32 பேருக்கு நான்கு கிலோ போதும். சாம்பாருக்கு ஒரு கிலோ துவரம் பருப்பு, காலை உப்புமாவுக்கு இரண்டரைக் கிலோ ரவை. குடிநீருக்கும் சமையலுக்குமாக நாளொன்றுக்கு 20 லிட்டர் கேன் ஏழு அல்லது எட்டு வாங்குங்கள். அண்டாவை இறக்குவதும், கஞ்சி வடிப்பதும், கொதிக்கும் எண்ணெய் அருகில் நிற்பதும் பெரியவர்கள் வேலை. விறகடுப்பு எரியும் இடத்தில் துப்பட்டாவும் நைலான் உடையும் கூடாது. பருத்தி உடை, பின்னிக் கட்டிய முடி, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல்.

மூன்று செங்கல் வைத்து அடுப்பு கூட்டச் சொன்னால் முதல் தடவை எல்லா அணியும் செய்யும் பிழை ஒன்றே: பெரிய விறகை முதலில் வைத்து அதன் மேல் காகிதத்தைக் கொளுத்துவார்கள். புகை மூட்டும், கண்ணில் நீர் வழியும், உப்புமாவுக்கு உலை காயாது. ஓடிப்போய் மூட்டிக் கொடுத்துவிடத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை மல்லிகை அணி நாற்பது நிமிடம் அடுப்போடு போராடியது. பிறகு ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, பேச்சே இல்லாதவள், தென்னம்பாளையைக் கீறி எடுத்து வந்து, விரல் பருமன் சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, கிழக்குக் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரே குச்சியில் மூட்டினாள். அவள் வீட்டில் தினமும் காலையில் அடுப்பு மூட்டுவது அவள்தானாம். வகுப்பில் அவளுக்குக் கிடைக்காத மதிப்பு அன்று கிடைத்தது. மற்ற மூன்று அணிகளும் அவளை அழைத்துப் போய்க் கற்றுக்கொண்டன. காலை உணவு ஒன்பதரைக்குத்தான் ஆயிற்று, எவரும் குறை சொல்லவில்லை.

செயல்பாடுகளைப் பொறுத்தவரை ஒரு நாளைக்குப் பெரிதாக ஒன்றும் சிறிதாக இரண்டும் போதும். தடம் அறிந்து செல்லும் நடை என் முதல் தேர்வு: ஓர் அணி கல்லாலும் சுள்ளியாலும் புல் முடிச்சாலும் வழிக்குறிகள் வைத்துக்கொண்டு முன்னே போகும், அரை மணி கழித்து மற்றோர் அணி, பெரியவர் ஒருவர் உடன் வர, அந்தக் குறிகளைப் படித்துக்கொண்டே பின்தொடரும். இரண்டு கிலோமீட்டர் போதுமானது. தட்டில் 24 சிறு பொருள்களைப் பரப்பி ஒரு நிமிடம் பார்க்க விட்டு, துணியால் மூடிவிட்டு, அணியாகக் கூடி நினைவிலிருந்து எழுதச் சொல்லும் விளையாட்டு மழை நேரத்துக்கு ஏற்றது. முடிச்சுகளைக் கரும்பலகையில் வரையாதீர்கள். துணி காய வைக்கக் கொடி கட்ட வேண்டும் என்று கயிற்றைக் கொடுத்துவிட்டால் கற்றுக்கொள்வார்கள். கிளித்தட்டும் ஏழாங்கல்லும் மாலைக்கு இருக்கவே இருக்கின்றன. தை மாத இரவு எட்டு மணிக்குக் கார்த்திகை விண்மீன் கூட்டம் ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கும். அதற்குச் சற்றுக் கிழக்கே செந்நிறமாக ரோகிணி. இன்னும் கிழக்கே தள்ளி, அதே செந்நிறத்தில் திருவாதிரை. பிள்ளைகளில் பலருக்குத் தம் நட்சத்திரத்தின் பெயர் தெரியும், அதை வானத்தில் பார்த்ததில்லை. பாயை விரித்துப் படுக்க வைத்துக் காட்டுங்கள். அந்த அரை மணிக்கு வேறு எந்த நிகழ்ச்சியும் ஈடாகாது.

பரிசுப் போட்டியாக எதையும் மாற்றாதீர்கள். காலையில் அணியின் இடம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்து ஒரு கொடியை அன்று முழுவதும் அவர்களிடம் கொடுத்து வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசி இரவில் பாடித்தீ. இடுப்பளவுக்கு மேல் அடுக்க வேண்டாம். உட்காரும் வட்டம் தீயிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும். தீயருகே போவது பொறுப்பிலுள்ள இருவர் மட்டும். தீ ஓங்கி எரியும்போது கைதட்டிப் பாடும் பாட்டும் கும்மியும் நாடகமும் வரட்டும். தீ தணியத் தணிய நிகழ்ச்சியும் தணிய வேண்டும். கதை, பிறகு மெல்லிய பாட்டு, பிறகு சிறிது நேரம் பேச்சில்லாமல் தணலைப் பார்த்திருத்தல். ஆட்டத்தின் உச்சத்தில் நிறுத்தி உறங்கப் போகச் சொன்னால் ஒரு மணி வரை கூடம் அடங்காது. பேய்க்கதைக்கு இடம் கொடுக்காதீர்கள். மூத்த பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். அன்றிரவு இளைய பிள்ளைகள் கழிப்பறைக்கு எழ அஞ்சுவார்கள்.

வீட்டு நினைவு வருவது பெரும்பாலும் விளக்கு வைக்கும் நேரத்தில். அழும் பிள்ளையைச் சுற்றிக் கூட்டம் சேர விடாமல், அவளிடம் ஒரு வேலையைக் கொடுத்து, அணித்தலைவியைப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். தாயிடம் பேச வேண்டும் என்று அவள் கேட்டால் மறுக்காதீர்கள். கைப்பேசிகள் உங்களிடம் இருக்கட்டும். தினமும் மாலை ஐந்து மணிக்கு, இருட்டுவதற்கு முன்னரே, வீட்டோடு பேசும் நேரம் என்று வைத்துவிட்டால் பாதி அழுகை வராது.

மருந்துப் பெட்டியில், வயிற்றுப்போக்கானால் கரைத்துக் கொடுக்கும் ஓஆர்எஸ் உப்புக் கரைசல் பொட்டலங்கள் நிறைய இருக்கட்டும். ஒரு பொட்டலத்துக்குச் சரியாக அதன்மேல் எழுதியுள்ள அளவு தண்ணீர். அது தீர்ந்தால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கரைக்கலாம். பிள்ளைகள் கொண்டு வரும் மருந்துகளைப் பெயர் எழுதி நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் மட்டும் அவள் கையிலேயே இருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆளுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டதும், அதைக் கொடுக்க முடியாத வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அந்தத் தொகையை முன்கூட்டியே வேறு வழியில் திரட்டிவிட்டு, எல்லோரிடமும் மூடிய உறையில் வாங்குங்கள். உறையில் எவ்வளவு இருந்தது என்பது உங்களோடு இருக்கட்டும். கொண்டுவர வேண்டிய பொருள்களில் புதிதாக வாங்க வேண்டியது எதுவும் இருக்கக் கூடாது. வீட்டில் இருக்கும் பாய், போர்வை, தட்டு, தம்ளர், இரண்டு மாற்றுடை, டார்ச் லைட் போதும்.

திரும்பும் நாளில் ஒவ்வொரு பிள்ளையையும் படிவத்தில் பெயர் உள்ளவரிடம் மட்டுமே கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் வந்திருக்கிறார் என்றால் தாயிடம் தொலைபேசியில் கேட்டபின்தான். ஒரு வாரத்துக்குள் வரவு செலவை எழுதி மன்றப் பலகையில் ஒட்டுங்கள். அதே வாரத்தில் தலைவியர் நால்வரையும் அழைத்து, தங்கள் அணியில் இந்த முகாமில் யார் அதிகம் பேசவில்லை, யார் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயர்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முகாமுக்கு அணி பிரிக்கும்போது அந்தச் சீட்டைத்தான் முதலில் எடுக்க வேண்டியிருக்கும்.